மூன்று செல், 10 ஓம் ரெசிஸ்டர், கணக்கில் வராத 1.38 வோல்ட்

தேவனாம்பட்டினம்_பத்து
சனி, காலை 9:12

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு மின்னியல் பாடத்தில் வரும் ஓம் விதியை வீட்டில் செய்து பார்க்கிறேன். கணக்கு ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறொன்று காட்டுகிறது.

பென்டார்ச் செல் மூன்று, பிளாஸ்டிக் ஹோல்டரில் தொடராக. வெள்ளைக் கட்டி மாதிரி இருக்கும் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். ஒரு சின்ன சுவிட்ச். மல்டிமீட்டர் இரண்டு. ஒன்றை 10 ஆம்பியர் துளையில் செருகி அம்மீட்டராகத் தொடரில் வைத்தேன். இன்னொன்று வோல்ட்மீட்டர், ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே.

சுவிட்சைப் போடும் முன் செல் மூன்றும் சேர்ந்து 4.62 வோல்ட். அப்படியானால் 4.62 ÷ 10 = 0.46 ஆம்பியர் வர வேண்டும். வந்தது 0.33தான். ரெசிஸ்டருக்குக் குறுக்கே 4.62 இல்லை, 3.24 வோல்ட்தான்.

மீதி 1.38 வோல்ட் எங்கே போனது? ஓம் விதி ஏன் பொருந்தவில்லை?

புதுநகர்_பிளஸ்ஒன்
சனி, காலை 9:30

ரெசிஸ்டர் கொஞ்சம் மின்னோட்டத்தைச் சாப்பிட்டிருக்கும். நாலாவது செல் போடுங்க, 0.46 வந்துடும்.

மஞ்சக்குப்பம் இயற்பியல்
சனி, காலை 10:05

தம்பி, நாலாவது செல் போட்டால் எண் கூடும், கேள்வி அப்படியே இருக்கும். ரெசிஸ்டர் மின்னோட்டத்தைச் சாப்பிடுவதும் கிடையாது. அம்மீட்டரைக் கழற்றி ரெசிஸ்டருக்கு அந்தப் பக்கம், அதாவது எதிர்முனைப் பக்கம் மாட்டிப் பாருங்கள். அதே 0.33 வரும். தொடர் சுற்றில் எந்த இடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றுதான். பங்கு பிரிவது மின்னழுத்தம்.

இப்போது கேள்வி கேட்ட தம்பிக்கு. உங்கள் அளவீட்டில் ஓம் விதி சரியாகவே நிற்கிறது. ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே 3.24 வோல்ட், அதன் வழியே 0.33 ஆம்பியர். வகுத்தால் 9.8 ஓம். ரெசிஸ்டர் மேல் 10க்குப் பக்கத்தில் ஜே என்ற எழுத்து இருந்தால் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று பொருள். 9.5 முதல் 10.5 வரை எதுவும் சரிதான்.

தவறு எங்கே என்றால், ஒரு பொருளின் மின்னழுத்த வேறுபாட்டை எடுத்து வேறொரு பொருளின் மின்தடையால் வகுத்ததில். 4.62 என்பது செல்களின் இரு முனைகளுக்கு இடையே, அதுவும் மின்னோட்டம் ஓடாதபோது அளந்தது. 10 ஓம் என்பது ரெசிஸ்டருடையது. பாடத்தில் "மின்னழுத்த வேறுபாடு" என்று முழுச் சொல்லாக எழுதியிருப்பது வெறும் அலங்காரத்துக்கு இல்லை. எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே என்று கேட்காமல் வோல்ட் எண்ணைச் சூத்திரத்தில் போடக்கூடாது.

1.38 வோல்ட் எங்கும் போகவில்லை, உங்கள் சுற்றுக்குள்தான் இருக்கிறது. 1.38 ÷ 0.33 = சுமார் 4.2 ஓம். ரெசிஸ்டரைத் தவிர இன்னும் 4 ஓம் அளவுக்கு மின்தடை எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

ஓ.டி. ரேடியோ சர்வீஸ்
சனி, காலை 11:20

சார் சொன்ன 4 ஓமை ஓம் ரேஞ்சில் வைத்துத் தேடாதீர்கள். முதல் காரணம், செல் இருக்கும் சுற்றில் ஓம் ரேஞ்சை வைத்தால் காட்டுவது பொய், மீட்டரும் கெடலாம். இரண்டாவது, இந்த மலிவு மீட்டர்களில் இரண்டு ப்ரோப்பையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3, 0.4 ஓம் காட்டும். நாம் தேடுவதே அந்த அளவில்தான் இருக்கிறது.

வோல்ட்மீட்டரை வைத்துத் தேடுங்கள். ரிப்பேர் வேலையில் பாதி இதுதான்:

சுவிட்சைப் போட்டு மின்னோட்டம் ஓட வேண்டும். வோல்ட்மீட்டர் டிசி 2000 மில்லிவோல்ட் ரேஞ்சில். நேர்முனையில் தொடங்கிச் சுற்றைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பொருளின் இந்த முனையில் சிவப்பு, அந்த முனையில் கருப்பு. வரும் எண் அந்தப் பொருள் எடுத்துக்கொள்ளும் பங்கு. ரெசிஸ்டருக்கு மட்டும் 20 வோல்ட் ரேஞ்சுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

முக்கியமான இடம் செல் ஹோல்டர். செல்லை அளக்கும்போது ப்ரோப் நுனி செல்லின் பித்தளைத் தொப்பியிலேயே பட வேண்டும், அடியில் துத்தநாகத் தகட்டிலேயே பட வேண்டும். ஸ்பிரிங்கில் வைத்து அளந்தால் செல்லும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும், எது குற்றவாளி என்று தெரியாது. பிறகு ஒரு ப்ரோப்பைச் செல்லின் அடியில் வைத்து, இன்னொன்றை ஸ்பிரிங்கின் வால் பகுதியில் வயர் பற்றவைத்த இடத்தில் வையுங்கள். அதுதான் தொடர்பு இடத்தின் பங்கு.

ஒவ்வொரு அளவுக்கும் சுவிட்ச் 10 நொடிக்கு மேல் மூடியிருக்க வேண்டாம். இந்த வகைச் செல் 0.33 ஆம்பியரில் விறுவிறுவென்று தளரும். அளந்து முடிப்பதற்குள் எண் இறங்கிவிட்டால் கூட்டல் ஒத்துவராது.

இந்த மின்னோட்டத்துக்கு நல்ல தொடர்பு ஒன்று 10, 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் எடுக்கும் இடத்தை எழுதி வையுங்கள்.

தேவனாம்பட்டினம்_பத்து
சனி, மாலை 4:48

சொன்னபடி அளந்தேன் அண்ணா. சுவிட்ச் போட்டிருக்கும்போது:

செல் 1: 1.34, செல் 2: 1.35, செல் 3: 1.33 வோல்ட். மூன்றும் சும்மா இருக்கும்போது 1.54. ஆகச் செல்களுக்குள்ளேயே குறைந்தது 0.20 + 0.19 + 0.21 = 0.60
ஹோல்டர் தொடர்புகள் எல்லாம் சேர்ந்து 0.47. இதில் ஒரே ஒரு ஸ்பிரிங் மட்டும் 0.38
சுவிட்ச் 0.19
அம்மீட்டரும் அதன் வயர்களும் 0.05
மற்ற வயர், கிளிப் 0.07

கூட்டினால் 1.38. சரியாக வந்துவிட்டது! ரெசிஸ்டரின் 3.24 சேர்த்தால் 4.62.

அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். அடிச்சுற்று பளபளப்பாக இருக்கிறது. செல் தொடும் மேல் வளையத்தில் மட்டும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்கிறது. அந்த மாவுக்கு அடியில் பழுப்புத் துரு.

மஞ்சக்குப்பம் இயற்பியல்
சனி, மாலை 5:30

அருமை தம்பி. ஒரு மூடிய சுற்றைச் சுற்றி வந்தால் மின்னியக்கு விசை (மின்னோட்டம் ஓடாதபோது செல்கள் காட்டும் முழு மின்னழுத்தம்) முழுவதும் பங்குகளின் கூட்டலுக்குச் சமம். பிளஸ்டூவில் இதற்குக் கிர்க்காஃப் இரண்டாம் விதி என்று பெயர். நீங்கள் அதை இப்போதே அளந்துவிட்டீர்கள்.

செல்லுக்குள் குறைந்த 0.60 பற்றி. 0.60 ÷ 0.33 = 1.8 ஓம், செல் ஒன்றுக்கு 0.6. இதுதான் அகமின்தடை. செல்லுக்குள் ரெசிஸ்டர் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. மின்பகுபொருள் பசைக்குள் அயனிகள் நகர்ந்துதான் மின்னோட்டம் ஓடுகிறது, அந்த நகர்வுக்கு ஏற்படும் தடை அது. செல் பழசாகப் பழசாகக் கூடும். அதனால்தான் தீர்ந்துபோன செல் சும்மா அளந்தால் 1.4 காட்டும், டார்ச்சில் போட்டால் பல்பு எரியாது. செல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு 10 ஓம் சுமையோடு அளக்க வேண்டும்.

வண்டியில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் அகமின்தடை வெறும் மில்லி ஓம் கணக்கில்தான். அதனால்தான் ஸ்டார்ட்டர் மோட்டார் பெரிய மின்னோட்டத்தை இழுத்தாலும் மின்னழுத்தம் ஓரளவு நிற்கிறது. அதே காரணத்தால் அதன் இரு முனைகளை ஒரு ஸ்பேனர் தொட்டால் ஸ்பேனரே பழுக்கும். பென்டார்ச் செல்லில் அகமின்தடையே காவல், அங்கே காவல் இல்லை. இந்தச் சோதனையை வண்டி பேட்டரியில் செய்ய வேண்டாம்.

ஓ.டி. ரேடியோ சர்வீஸ்
சனி, இரவு 7:10

0.38 ÷ 0.33 = 1.15 ஓம். ஒரு வளையக் கம்பியின் நுனியில்! மூன்று செல்லின் அகமின்தடையில் பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறது.

கடற்கரை ஊர்களில் இது எல்லா வீட்டிலும் உண்டு. காற்றில் வரும் உப்பு உலோகத்தின் மேல் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நிக்கல் பூச்சில் ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் அடியில் உள்ள இரும்பு அரிக்கத் தொடங்கும். பச்சை என்பது நிக்கலோ செம்போ பித்தளையோ அரித்தது. வெள்ளை மாவு பெரும்பாலும் செல் ஒழுகிக் காய்ந்தது. பழுப்பு இரும்புத் துரு. மூன்றும் மின்னோட்டத்தை நன்றாகக் கடத்தாதவை.

செய்ய வேண்டியது: செல்களை எடுத்துவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உலர்ந்த மாவைத் தட்டிவிடுங்கள், கையில் படாமல். பிறகு 400 நம்பர் உப்புத்தாளைச் சின்னதாகச் சுருட்டி மேல் வளையத்தை மட்டும் தேயுங்கள். உலோகம் வெளுத்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் பூச்சு முழுதும் போய் அடுத்த மாதமே துரு வரும். செல்லின் அடித் தகட்டையும் ஒரு தடவை தேயுங்கள். தேய்த்த இடத்தில் துளி வாசலின் தடவலாம், காற்று படாமல் இருக்கும். ஸ்பிரிங் அழுத்தும்போது அது விலகிவிடும், தொடர்புக்குத் தடை இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்.

சுவிட்ச் 0.19 எடுப்பது அதிகம். 20, 30 தடவை போட்டுப் போட்டு அணைத்தால் உள்ளே உரசிக் கொஞ்சம் சுத்தமாகும். ஆகவில்லையென்றால் மாற்றுங்கள். பயன்படுத்தாதபோது செல்லை ஹோல்டரிலேயே விட்டுவைக்காதீர்கள்.

வில்லியனூர்_பிளஸ்டூ
ஞாயிறு, காலை 8:40

சார், இங்கேயே கேட்கலாமா? இரண்டு கேள்வி. ஒன்று, 60 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் 230 வோல்ட்டில் தொடராகப் போட்டால் எது அதிகம் ஒளிரும்? விடை 60 என்கிறார்கள், மனசு ஒப்பவில்லை. இரண்டு, மின்னழுத்தமானி (பொட்டென்ஷியோமீட்டர்) சோதனையில் கால்வனாமீட்டர் (சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கருவி) முள் கம்பியின் எந்த இடத்தில் தொட்டாலும் ஒரே பக்கம்தான் சாய்கிறது.

மஞ்சக்குப்பம் இயற்பியல்
ஞாயிறு, காலை 9:25

தாராளமாகக் கேளும்மா.

60 வாட் என்பது பல்பின் குணம் இல்லை. 230 வோல்ட் முழுதும் அதற்கே கிடைத்தால் அது எடுக்கும் திறன். பல்போடு நிலையாக வருவது மின்தடை என்று வைத்துக்கொண்டால், 230 × 230 ÷ 60 = 882 ஓம். 100 வாட் பல்புக்கு 529 ஓம். தொடராகப் போட்டால் மொத்தம் 1411 ஓம், மின்னோட்டம் 0.163 ஆம்பியர். இரண்டிலும் அதே மின்னோட்டம், ஆகவே தடை கூடியதில்தான் திறன் கூடும். 60 வாட் பல்பு சுமார் 23 வாட், 100 வாட் பல்பு சுமார் 14 வாட்.

தேர்வுக்கு இது போதும். உண்மையில் இழையின் தடை நிலையாக இருப்பதில்லை. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கும். தொடரில் 100 வாட் பல்பு அதிகம் சூடாகாததால் அதன் தடை இன்னும் விழும், பங்கு இன்னும் குறையும். ஆகவே வித்தியாசம் கணக்கைவிடப் பெரிதாகத் தெரியும். பத்தாம் வகுப்புத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஓம் விதி நேர்கோட்டு வரைபடத்துக்கு டார்ச் பல்பை எடுக்காதீர்கள். கோடு வளையும். எல்.இ.டி பல்புக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது. அதற்குள் இருப்பது ஒரு மின்னணுச் சுற்று.

இதை வீட்டு மின்சாரத்தில் செய்து பார்க்கக் கூடாது. தாளில் போதும்.

மின்னழுத்தமானிக்கு வருவோம். நீண்ட கம்பியில் விழும் மின்னழுத்தத்தோடு ஒரு செல்லின் மின்னழுத்தத்தைச் சமன் செய்து அளக்கும் கருவி அது. ஒரே பக்கம் சாய்ந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். முதன்மைச் சுற்றின் (கம்பிக்கு மின்னோட்டம் தரும் சுற்று) நேர்முனையும் சோதிக்கும் செல்லின் நேர்முனையும் கம்பியின் ஒரே முனையில் சேர்ந்திருக்கிறதா? மாறியிருந்தால் சமன், அதாவது முள் பூஜ்யத்தில் நிற்பது, வரவே வராது. பெரும்பாலும் இதுதான். அடுத்து, 10 மீட்டர் கம்பியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம் சோதிக்கும் செல்லுடையதைவிடக் கூடுதலா? முதன்மையில் 2 வோல்ட் வைத்தாலும் சாவித் துளையும் பித்தளைத் திருகுகளும் கறுத்திருந்தால் கம்பிக்கு 1.4தான் போய்ச் சேரும். லெக்லாஞ்சி செல்லின் 1.5 வோல்ட்டை அதில் எப்படிச் சமன் செய்வது? மேலே தம்பியின் ஸ்பிரிங் செய்த வேலைதான் இதுவும். கம்பி முனைகளில் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, முதன்மைச் சுற்று எங்காவது விட்டுப்போயிருக்கலாம்.

சமன் கிடைத்த பின் தொடுசாவியை (கம்பியைத் தொடும் முனை) கம்பியில் அழுத்தியபடி இழுக்காதீர்கள். கம்பி தேய்ந்து அந்த இடம் மெலியும், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தடை மாறும். தூக்கித் தூக்கி வையுங்கள்.

இன்னொன்று. சமன் புள்ளியில் செல்லிலிருந்து மின்னோட்டமே எடுக்கப்படுவதில்லை. அதனால் அகமின்தடை எதையும் விழுங்காது, கிடைப்பது முழு மின்னியக்கு விசை. மின்னழுத்தமானியின் சிறப்பு என்ன என்ற கேள்விக்கு இந்த ஒரு வரிதான் விடை.

காலாப்பட்டு ஆய்வகம்
ஞாயிறு, முற்பகல் 11:50

தேவனாம்பட்டினம் தம்பிக்கு வந்த சிக்கல் ஓமுக்கே வந்த சிக்கல். அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1825இல் வோல்டாவின் மின்கல அடுக்கை வைத்துச் சோதித்தார். அடுக்கின் மின்னழுத்தம் ஓடஓட விழுந்துகொண்டே இருந்தது. கிடைத்த எண்களிலிருந்து அவர் முதலில் வெளியிட்டது ஒரு மடக்கைச் சூத்திரம், தவறானது. பிறகு இயற்பியலாளர் போகன்டார்ஃப் சொன்ன யோசனைப்படி செல்லை விட்டுவிட்டு, வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் வெப்ப இணைக்கு மாறினார். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணை. ஒரு சந்தி கொதிநீரில், இன்னொன்று பனிக்கட்டியில். வெப்பநிலை மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது, அகமின்தடையும் மிகக் குறைவு. அதில் 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை எட்டுச் செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்தார்.

1826இல் அவர் எழுதிய சமன்பாட்டைத் தமிழில் சொன்னால்: காந்த விளைவு (அதாவது மின்னோட்டத்தின் அளவு) = அ ÷ (ஆ + கம்பியின் நீளம்). அந்த "ஆ"தான் கம்பியைத் தவிர மற்ற எல்லாவற்றின் தடை. செல், தொடர்பு, கருவி எல்லாம் அதற்குள் அடக்கம். பாடப்புத்தகச் சூத்திரத்தில் "ஆ" காணாமல் போய்விடுகிறது. உங்கள் மேசையில் அது 4.2 ஓமாகத் திரும்பி வந்திருக்கிறது.

அவர் செய்ததை நீங்கள் மூன்று ரெசிஸ்டரில் செய்யலாம். 10, 22, 47 ஓம், எல்லாமே 5 வாட் வெள்ளை வகை. கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம். 10 ஓமில் ஒரு வாட்டுக்கு மேல் வெப்பம் வரும், கால் வாட் ரெசிஸ்டர் கருகும். கருகும் முன்பே சூட்டில் தடை மாறி அளவீட்டைக் கெடுக்கும். கால் வாட் ரெசிஸ்டர்தான் கையில் இருக்கிறது என்றால் 220 ஓமுக்குக் குறையாமல் எடுங்கள்.

மின்னோட்டத்தை எப்படி அளப்பது என்பதில்தான் பொறி இருக்கிறது. 10 ஆம்பியர் துளையில் கடைசி இலக்கம் 0.01 ஆம்பியர். 47 ஓமில் வரும் மின்னோட்டம் 0.09தான், அதில் 0.01 பிழை என்றால் பத்து சதவீதத்துக்கு மேல். சரி, 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கு மாறலாமா? மாறினால் மீட்டருக்குள்ளே இருக்கும் ஒரு ஓம் அளவுத் தடையும் ஃப்யூஸின் தடையும் புதிதாகச் சுற்றில் நுழையும். நடுவில் "ஆ" மாறிவிடும், வரைபடம் ஒடியும். அந்த ரேஞ்சில் தவறிப்போய் 10 ஓமைப் போட்டால் ஃப்யூஸும் போகலாம்.

வழி இது. 1 ஓம், ஒரு சதவீத ரெசிஸ்டர் ஒன்றைச் சுற்றில் நிரந்தரமாகத் தொடரில் வையுங்கள். அம்மீட்டரையே எடுத்துவிடுங்கள். அந்த 1 ஓமுக்குக் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்பியர். ஒரே மீட்டர் போதும்.

பிறகு வரைபடத்தாளில் கிடைமட்டமாக ரெசிஸ்டரின் தடை, செங்குத்தாக 1 ÷ மின்னோட்டம். நேர்கோடு வரும். சாய்வின் தலைகீழ் மின்னியக்கு விசை. கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தை மின்னியக்கு விசையால் பெருக்கினால் "ஆ".

முதலியார்பேட்டை வயர்மேன்
ஞாயிறு, மாலை 6:15

தம்பியோட அந்தப் பச்சை ஸ்பிரிங்கு வீட்டு வயரிங்ல என்ன செய்யும்னு சொல்றேன்.

2000 வாட் கீசர், 230 வோல்ட்ல 8.7 ஆம்பியர் இழுக்கும். மீட்டர் போர்டுல இருந்து 20 மீட்டர் தூரம்னா போக வர 40 மீட்டர் வயர். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் கிலோமீட்டருக்கு 18 ஓம் பக்கம் வரும், 40 மீட்டருக்கு 0.72 ஓம். 6 வோல்ட்டுக்கு மேல வயர்லயே போயிடும். 54 வாட் சூடு சுவருக்குள்ள. 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டா 0.3 ஓம், 22 வாட்டுதான். அதனாலதான் பவர் பாயிண்டுக்கு 2.5க்குக் குறையாமப் போடச் சொல்றது.

வயர் சூடாவது நீளம் முழுக்கப் பரவிடும். ஆபத்து லூஸ் கனெக்‌ஷன்ல. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பின்னாடி ஸ்க்ரூ டைட் இல்லாம, உப்புக்காத்துல கருத்துப்போயி, அரை ஓம் தடை வந்திருக்குனு வைங்க. 8.7 × 8.7 × 0.5 = 38 வாட். சால்டரிங் அயர்ன் ஒண்ணு 25 வாட். ஸ்க்ரூ நுனி அளவு இடத்துல அதைவிடப் பெரிய சால்டரிங் அயர்னை மணிக்கணக்கா வெச்ச மாதிரி. சாக்கெட் துளை ஓரம் பழுத்து, பிளக் பின் நீலம் பாஞ்சு, மீன் கருகுன மாதிரி வாடை வரும்.

இதுக்கு எம்சிபி (மின்னோட்டம் கூடுனா தானா அணையுற சுவிட்ச்) ட்ரிப் ஆகாது. ஏன்னா மின்னோட்டம் கூடவே இல்லை. 8.7க்கும் கொஞ்சம் குறைவாத்தான் ஓடுது. எம்சிபி பாக்குறது மின்னோட்டத்தை, ஒரு இடத்துச் சூட்டை இல்லை. எர்த்துக்குக் கசிவு வந்தா அணையுற ஆர்சிசிபியும் விழாது, இங்க கசிவு இல்லையே. அதனால பிளக் பின் சூடா இருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ அந்தப் பாயிண்டை நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க. சாக்கெட்டை மாத்துனாப் போதாது, கருகுன வயர் நுனியை நல்ல செம்பு தெரியுற வரைக்கும் வெட்டிட்டு மாட்டணும். பழைய கருப்பு நுனியிலயே புது சாக்கெட்டு மாட்டுனா திரும்பவும் அதேதான்.

பசங்க யாரும் மீட்டரை எடுத்துக்கிட்டு வீட்டு சாக்கெட் பக்கம் போகாதீங்க. 10 ஆம்பியர் துளையில ப்ரோப் இருக்குறதை மறந்து சாக்கெட்டுல வெச்சா நேரா ஷார்ட் சர்க்யூட். மலிவு மீட்டர்ல அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது, மேலேயே எழுதியிருக்கும். வெடிக்கும்.

புதுநகர்_பிளஸ்ஒன்
ஞாயிறு, இரவு 7:40

ஒரு சந்தேகம் அண்ணா. வயர்ல சூட்டுக்கு மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ தடைனு ஒரு சூத்திரம் இருக்கே. அப்படிப் பார்த்தா நெய்வேலியில இருந்து வர்ற பெரிய லைன்ல மின்னழுத்தம் கூடக்கூட இழப்பும் கூடணும். ஆனா குறையும்னு பாடத்துல இருக்கு.

நெய்வேலி கண்ட்ரோல்ரூம்
ஞாயிறு, இரவு 9:05

அந்தச் சூத்திரம் சரி, அதில் போடும் மின்னழுத்தம்தான் தவறு. சனிக்கிழமை காலையில் மஞ்சக்குப்பம் சார் சொன்ன அதே இடம். எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே?

நெய்வேலியிலிருந்து 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் லைன்கள் போகின்றன. 230 கிலோவோல்ட் என்பது ஒரு கம்பிக்கும் மற்றொரு கம்பிக்கும் இடையே உள்ளது. ஒரே கம்பியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே உள்ளது இல்லை. கம்பி எவ்வளவு சூடாகும் என்பதற்கு இரண்டாவதுதான் தேவை. அது மின்னோட்டம் × கம்பியின் தடை.

அதே மின்திறனை 11 கிலோவோல்ட்டுக்குப் பதில் 230 கிலோவோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 21இல் ஒரு பங்காகக் குறையும். கம்பியின் முனைகளுக்கு இடையே விழும் மின்னழுத்தமும் 21இல் ஒரு பங்கு. இரண்டின் பெருக்கல்தான் இழப்பு, ஆகவே அதே கம்பியில் 437இல் ஒரு பங்கு. எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் இந்த விடைதான் வரும், போடும் மின்னழுத்தம் கம்பியின் இரு முனைகளுடையதாக இருந்தால்.

தேவனாம்பட்டினம்_பத்து
செவ்வாய், மாலை 6:30

ஸ்பிரிங்கைத் தேய்த்தேன், சுவிட்சை மாற்றினேன். செல் இப்போது சும்மா இருக்கும்போது 4.58. பழைய முறையிலேயே அளந்தால் 0.38 ஆம்பியர், ரெசிஸ்டருக்குக் குறுக்கே 3.72 வோல்ட். வகுத்தால் மறுபடியும் 9.8 ஓம்! மின்னோட்டம் மாறியது, ரெசிஸ்டர் மாறவில்லை.

பிறகு காலாப்பட்டு சார் சொன்ன 1 ஓம் முறை. 10 ஓமுக்கு 356 மில்லிவோல்ட், 22க்கு 183, 47க்கு 91.5. தலைகீழ் எடுத்தால் 2.81, 5.46, 10.93. மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. 10 ஓமுக்கு 9.8 என்று போட்டுக்கொண்டேன். சாய்விலிருந்து மின்னியக்கு விசை 4.58 வந்தது. அச்சை வெட்டும் இடம் 0.67, அதனால் "ஆ" 3.07 ஓம். ஆனால் செல்களின் அகமின்தடை 1.8தானே? ஏன் கூடுதல்?

காலாப்பட்டு ஆய்வகம்
செவ்வாய், இரவு 8:15

3.07இல் நீங்கள் வைத்த 1 ஓமும் இருக்கிறது. அதைக் கழித்தால் 2.07. செல்கள் 1.8. மீதி 0.27 ஓம்தான் ஹோல்டர், சுவிட்ச், வயர், கிளிப் எல்லாம் சேர்த்து. சனிக்கிழமை இதே இடங்களில் 0.47 + 0.19 + 0.07 = 0.73 வோல்ட் விழுந்தது, அதாவது 2.2 ஓம். அந்த 2.2 ஓமில் பெரும்பகுதியைத்தான் உப்புத்தாளும் புதுச் சுவிட்சும் எடுத்துப்போட்டன.

47 ஓம் ரெசிஸ்டரைச் சுற்றிலிருந்து கழற்றி ஓம் ரேஞ்சில் ஒரு தடவை அளந்துவிடுங்கள், ப்ரோப்புகளைத் தொட்டால் வரும் எண்ணைக் கழித்துக்கொண்டு. 46 என்றோ 48 என்றோ இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக் கோட்டை மறுபடி வரையுங்கள். அச்சை வெட்டும் இடம் கொஞ்சம் நகரும்.